சேர்த்து வைத்த பொருட்களை வைத்தே வீட்டை அலங்கரிப்பது எப்படி?

பழைய பெட்ஷீட் ஒன்றை எடுத்துத் தரையில் விரியுங்கள். இதுவரை நீங்கள் சேர்த்து வைத்திருப்பதையெல்லாம், அதாவது பரண்மேல் அட்டைப்பெட்டியில் கிடப்பது, மேசை இழுப்பறைக்குள் உருண்டுகொண்டிருப்பது, ஷோகேஸின் பின்வரிசையில் தூசி படிந்து நிற்பது, ஜன்னல் ஓரத்தில் யாரோ வைத்து யாரும் எடுக்காமல் விட்டது, அத்தனையையும் அதன்மேல் கொண்டுவந்து வையுங்கள். கூழாங்கல், பழைய சாவி, கிளிஞ்சல், டின் டப்பா, ஓடாத கைக்கடிகாரம், பயணத்தில் வாங்கிய பொம்மை, தாத்தாவின் மைக்கூடு, தபால்தலை, கண்ணாடிப் புட்டி, எதுவாக இருந்தாலும் சரி. இது அலங்காரத்துக்கு ஆகுமா ஆகாதா என்று இப்போதே தரம் பிரிக்க வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்து, “ஒருவழியா எல்லாத்தையும் தூக்கிப் போடப் போறியா, நல்லதாப் போச்சு” என்பார்கள். சிரித்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

ஏன் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்? வீட்டுக்கு ஏதாவது செய்யலாம் என்று தோன்றியதும் நம்மில் பலர் முதலில் போவது பின்டரெஸ்ட்டுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நூறு படம் சேமித்துவிடுவோம், நூறும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எழுந்து நம் ஹாலில் நின்று சுற்றிப் பார்த்தால் எங்கே கை வைப்பதென்றே புரியாது. அந்தப் படங்களில் இருப்பது இன்னொருவர் சேர்த்த பொருள், இன்னொருவர் வீட்டு வெளிச்சம், அதுவும் பல நேரம் ஃபோட்டோவுக்காக மட்டும் அப்படி அடுக்கியது. அதைப் பார்த்து அதே மாதிரி நாலு சாமான் வாங்கி வைத்தால் வீடு ஷோரூம் போல் ஆகுமே தவிர உங்கள் வீடாகாது. அதனால் பொருள் முதலில், அறை அப்புறம். சுவருக்கு என்ன நிறம், ஷெல்ஃப் எவ்வளவு ஆழம், விளக்கு எங்கே என்பதையெல்லாம் பெட்ஷீட்மேல் கிடக்கும் சாமான்களே சொல்லிவிடும், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

படங்களைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. பாருங்கள், ஆனால் ஒரு படம் பிடித்தால் சேமிப்பதோடு நிறுத்தாமல், அதில் எது பிடித்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். “உயரமான ஒன்றுக்குப் பக்கத்தில் குட்டையாக இரண்டு”, “பின்சுவர் கறுப்பு”, “பாதி ஷெல்ஃப் காலி” இப்படி. பத்துப் படத்துக்கு எழுதியதும் திரும்பப் படித்தால் நீங்கள் ஆசைப்பட்டது அந்த ஜாடிக்கோ அந்த நாற்காலிக்கோ இல்லை, அவற்றைச் சுற்றியிருந்த இடைவெளிக்கோ வெளிச்சத்துக்கோதான் என்பது தெரிந்துவிடும். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

எதையெல்லாம் எதோடு சேர்ப்பது

பொருட்களைப் பரப்பியாயிற்று. இப்போது கூட்டம் கூட்டமாகப் பிரியுங்கள். முதல் தடவை என்ன வகை என்று பார்த்துப் பிரிப்பீர்கள், சாவியெல்லாம் ஒரு பக்கம், புட்டியெல்லாம் ஒரு பக்கம் என்று, எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கலைத்துவிடுங்கள். இரண்டாம் தடவை நிறத்தை மட்டும் பார்த்துப் பிரியுங்கள். மூன்றாம் தடவை வடிவம்: உருண்டையானவை, நீளமானவை, ஓட்டை உள்ளவை. அடுத்து எதனால் செய்தது, மரமா, உலோகமா, மண்ணா, கண்ணாடியா. ஒவ்வொரு முறையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நான்காவது சுற்றில்தான் சுவாரசியமே ஆரம்பிக்கும். வகைப்படி பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஒரு பித்தளைத் தாழ்ப்பாளும் மஞ்சளித்துப்போன ஒரு அஞ்சலட்டையும் தேன் நிறக் கல் ஒன்றும் நிறப்படி பிரிக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும், அந்த மூன்றையும் பார்த்ததும் உங்களுக்கே ‘அட’ என்று தோன்றும். அந்த ‘அட’ தான் நாம் தேடுவது, அதைக் குறித்து வையுங்கள்.

ஜோசஃப் கார்னெல் என்ற அமெரிக்கக் கலைஞர் (1903–1972) வாழ்நாள் முழுக்கச் செய்தது கிட்டத்தட்ட இதுதான். ஓவியப் பள்ளிக்கூடம் எதிலும் படித்தவர் இல்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு சாதாரண வீட்டின் நிலவறையில், பழைய கடைகளில் பொறுக்கிய கண்ணாடிக் குப்பி, வரைபடம், பறவைப் படம், பந்து, சோப்புக் குமிழி ஊதும் குழாய் என்று எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகப் பிரித்து, மேலே பெயர் எழுதி அடுக்கி வைத்திருந்தார். அவற்றிலிருந்து எடுத்துக் கண்ணாடி முகப்பு வைத்த சின்ன மரப்பெட்டிகளுக்குள் அடுக்கியவைதான் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் விலை உயர்ந்ததில்லை. சேர்க்கை பார்த்துப் பார்த்து வந்தது.

கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பது இன்னொரு நல்ல வழி. ஒரு குவியலை ஃபோனில் கறுப்பு வெள்ளையில் பாருங்கள், நிறம் போனதும் எது அடர்த்தி எது வெளிர் என்பது மட்டும் நிற்கும். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்தக் கூட்டம் ஷெல்ஃபில் ஏறியதும் மந்தமாகத்தான் இருக்கும், அதில் ஒரு கறுப்போ ஒரு வெள்ளையோ சேர்க்க வேண்டும் என்று அர்த்தம்.

நெருக்கமா, வெறுமையா

அடுத்த கேள்வி, நீங்கள் எந்தப் பக்கம்? இதற்கு இரண்டு நிஜ வீடுகளைப் பார்ப்பது நூறு படங்களைப் பார்ப்பதைவிட உதவும், இரண்டுமே இப்போது அருங்காட்சியகம், இரண்டின் படங்களும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஒன்று லண்டனில் ஜான் சோன் வாழ்ந்த வீடு. பேங்க் ஆஃப் இங்கிலாந்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் அவர். சிலை, தூண் தலைப்பு, கல்வெட்டுத் துண்டு, ஜாடி என்று சுவரில் ஒரு சாண் இடம் விடாமல் நிரப்பியிருப்பார். ஒரு சின்ன அறையில் நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள், எப்படி என்றால் சுவரே கதவு மாதிரி திறக்கும், திறந்தால் உள்ளே இன்னொரு அடுக்குப் படங்கள். தாம் இறந்த பிறகும் எதையும் மாற்றக் கூடாது என்று 1833இல் நாடாளுமன்றத்தில் சட்டமே போட வைத்தார். (வீட்டில் சாமானை நகர்த்தினால் கோபப்படுகிறவர்களுக்கு இவர்தான் குலதெய்வம்.)

இன்னொன்று கேம்பிரிட்ஜில் இருக்கும் கெட்டில்ஸ் யார்ட். ஜிம் ஈட் என்பவர் 1957இல் நான்கு பழைய சிறு வீடுகளை ஒன்றாக்கிக் குடியேறினார், 1966இல் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அங்கே வெள்ளைச் சுவர், நிறைய காலியிடம், ஒரு மேசையில் உருண்டைக் கூழாங்கற்கள் பெரியதிலிருந்து சிறியதாகச் சுருள் வடிவில், அவ்வளவுதான். ஒரு மூலையில் வெள்ளீயத் தட்டில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும், ஏன் என்றால் அந்தப் பக்கம் தொங்கும், மீரோ என்ற ஸ்பானிய ஓவியர் வரைந்த ஓவியத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி இருக்கிறது. பழம் வாடினால் புதிதாக வைப்பார்கள். அந்தப் பழத்தைப் பார்த்தபின்தான் ஓவியத்தில் இருக்கும் மஞ்சளே கண்ணில் படும்.

இரண்டில் எதைப் பார்த்ததும் உங்களுக்கு மூச்சு இலகுவாகிறது, எதைப் பார்த்ததும் மூச்சு முட்டுகிறது? அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று. நெருக்கம் பிடித்தவர்கள் மிச்சம் வைக்காமல் நெருக்கமாகவே போக வேண்டும். பாதி நிறைத்துப் பாதி விட்டால் அது அடைசலாகத்தான் தெரியும், ஏதோ வீடு மாற்றும்போது பாதியில் நின்றுபோனது மாதிரி. வெறுமை பிடித்தவர்களுக்கு வேறு சிரமம், ஒரு ஷெல்ஃபில் ஒரே ஒரு பொருள்தான் வைக்கப் போகிறோம் என்றால் அந்த ஒன்று அத்தனை பேர் பார்வையையும் தாங்க வேண்டும், விரிசலும் தூசியும் பளிச்சென்று தெரியும். என் கட்சி எது என்றால், ஒரு சுவர் மட்டும் சோன், மற்ற மூன்றும் ஈட். ஒரே அறையில் நாலு பக்கமும் நிறைத்தால் கண் எங்கே போய் உட்காரும்?

நிறத்தைப் பொருளிலிருந்து எடுப்பது

பெயின்ட் கம்பெனி அட்டையை வைத்து நிறம் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் சாமான்களை அதற்குப் பொருத்துவது கஷ்டமான வழி. சேர்த்ததில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றை எடுங்கள். பீங்கான் தட்டு என்று வைத்துக்கொள்வோம், முழுக்க நீலம், விளிம்பில் மெல்லிசாகச் செங்கல் நிறக் கோடு, அடிப்பகுதி தூய வெள்ளையாக இல்லாமல் லேசாக சாம்பல் ஓடிய வெள்ளை. எல்லோரும் சுவருக்கு அந்த நீலத்தைத்தான் எடுப்பார்கள், தட்டு சுவரோடு சுவராகக் கரைந்துவிடும். அந்தச் சாம்பல் வெள்ளையை சுவருக்கு எடுத்து, செங்கல் நிறத்தை ஒரு குஷன் உறையிலோ ஒரு ஃப்ரேமிலோ மட்டும் தொட்டுக் காட்டிப் பாருங்கள், நீலம் தட்டில் மட்டும் இருக்கட்டும். அறைக்குள் வருகிறவர் கண் நேராகத் தட்டுக்குத்தான் போகும். பொருளில் ஓங்கித் தெரியாத நிறத்தைச் சுவருக்குக் கொடுப்பது என்பதுதான் இதன் சூட்சுமம்.

சாம்பிளை நேராகச் சுவரில் அடிக்காமல் ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், இரவு விளக்கு போட்ட பின் என்று வெவ்வேறு சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள், பொருளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒரே நிறம் ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு மாதிரியும் எதிர்ச் சுவரில் வேறு மாதிரியும் தெரியும்.

ஷெல்ஃபில் அடுக்குவது

இதற்கு ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். கையில் ஏழு பழைய பூட்டுகள் இருக்கின்றன, சில சாவியோடு, சில சாவி இல்லாமல், ஒன்று உள்ளங்கையளவு கனமான இரும்புப் பூட்டு, மற்றவை பித்தளை. ஷெல்ஃப் மூன்றடி நீளம். ஏழையும் சம இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தினால் இரும்புக்கடை கவுன்டர் வந்துவிடும். அதற்குப் பதிலாக இரும்புப் பூட்டை நடுவில் வைக்காமல் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வையுங்கள். அதை ஒட்டி, கொஞ்சம் முன்னால் தள்ளி, சிறிய பித்தளைப் பூட்டு ஒன்று, அதன் வளையம் பெரிய பூட்டின் அடியை லேசாக மறைக்கட்டும். பின்னால் உயரத்துக்கு இரண்டு பழைய புத்தகங்களைப் படுக்கப் போட்டு அதன்மேல் ஒன்று. அடுத்து ஒரு சாண் காலியிடம், இதை நிரப்பக் கை துறுதுறுக்கும், விட்டுவிடுங்கள். வலது ஓரத்தில் மிச்சத்தில் மூன்று, ஒன்று திறந்த நிலையில், சாவிகள் மட்டும் ஒரு தட்டையான கிண்ணத்தில். ஏழாவது பூட்டு பெட்டிக்குள்ளேயே போகட்டும், எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இப்போது நான்கடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஒரு மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கிக் கோடு தெரிந்தால் சரியாக இருக்கிறது, நேர்கோடாகத் தெரிந்தால் புத்தகத்தின் உயரத்தை மாற்றுங்கள்.

ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைத்தால்தான் அழகு என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். மூன்று, ஐந்து வைப்பது சுலபம் என்பது உண்மைதான், இரண்டை வைத்தால் ஜோடி போல் விறைப்பாக நிற்கும். ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், உயரமும் அளவும் வேறுபட்டிருந்தால் நான்கும் நன்றாகவே உட்காரும்.

சின்னச் சின்னப் பொருட்கள், நாணயம், பொத்தான், சோழி, முத்திரை, இவற்றை ஷெல்ஃபில் சிதறவிட்டால் குப்பையாகத் தெரியும், துடைக்கவும் முடியாது. ஒரு தட்டிலோ ஆழமான ஃப்ரேமிலோ சேருங்கள். ஆழமான ஃப்ரேமில் பின்னட்டையின் நிறம்தான் எல்லாம். வெள்ளிச் சாமானுக்கு அடர் நீலம் அல்லது கரி நிறம், சோழிக்கு மண் நிறம். புட்டிகளுக்கு மட்டும் ஷெல்ஃப் வேண்டாம், ஜன்னல்தான் அவற்றுக்கு இடம், வெளிச்சம் ஊடுருவினால்தான் நிறமே உயிர் பெறும்.

இத்தாலியின் பொலோனா நகரில் இருந்த ஜார்ஜோ மொராண்டி என்ற ஓவியர் (1890–1964) பல பத்தாண்டுகள் அதே சில புட்டிகளையும் டப்பாக்களையும் ஜாடிகளையும்தான் இடம் மாற்றி மாற்றி வைத்து வரைந்தார். பளபளப்பு தெரியக் கூடாதென்று சில புட்டிகளுக்குப் பெயின்ட்கூட அடித்துவிடுவார். அவர் ஓவியங்கள் பத்தைப் பார்த்துவிட்டு வந்து உங்கள் ஷெல்ஃபைப் பாருங்கள், எந்தப் பொருள் எதை எவ்வளவு மறைக்கலாம் என்ற பாடம் அதில் இருக்கிறது. புதிதாக வாங்காமலே வீட்டை மாற்றுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பேன்.

சுவரில் மாட்டுவது

படங்களை நெருக்கி நெருக்கி மேலும் கீழுமாக மாட்டுவது புது ஃபேஷன் இல்லை. பாரிஸில் 1725 முதல் லூவ்ர் அரண்மனையின் சலோன் கரே மண்டபத்தில் நடந்த ஓவியக் கண்காட்சிகளில் தரைக்குக் கொஞ்சம் மேலிருந்து கூரை வரைக்கும் இப்படித்தான் தொங்கவிட்டார்கள், அதனால்தான் இந்தப் பாணிக்கு ‘சலோன்’ என்று பெயர். நம் வீட்டுச் சுவர் அவ்வளவு உயரம் இல்லை என்பதால் அளவு பார்த்துச் செய்ய வேண்டும்.

முதல் வேலை, ட்ரில்லை எடுக்காமல் இருப்பது. மாட்டப்போகும் ஒவ்வொன்றையும் செய்தித்தாளின்மேல் வைத்து வரைந்து வெட்டுங்கள், ஆணி எங்கே வரும் என்று அந்தத் தாளிலேயே புள்ளி வையுங்கள். கம்பியிலோ நூலிலோ தொங்குவதாக இருந்தால் அதை இழுத்துப் பிடித்து எவ்வளவு மேலே வருகிறதோ அங்கே புள்ளி வர வேண்டும், பின்பக்கக் கொக்கியில் வைத்தால் மாட்டிய பின் எல்லாம் கீழே இறங்கி நிற்கும். தாள்களைப் பெயின்ட் உரியாத டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் அப்படியே விடுங்கள். போகும்போதும் வரும்போதும் பார்த்து நகர்த்துங்கள். பெரியதை முதலில் ஒட்டிவிட்டு மற்றவற்றை அதிலிருந்து வெளிப்பக்கமாகக் கொண்டுபோவது சுலபம். இடைவெளி ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் இருக்கட்டும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. திருப்தி வந்ததும் தாளின் மேலேயே புள்ளியில் துளை போட்டுவிட்டுத் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம்.

எவ்வளவு உயரம்? தரையிலிருந்து படத்தின் நடுப்பகுதி வரை சுமார் 145 சென்டிமீட்டர், பல அருங்காட்சியகங்களும் காட்சிக்கூடங்களும் இந்த அளவை ஒட்டித்தான் மாட்டுகின்றன. கூட்டமாக மாட்டினால் அந்தக் கூட்டத்தையே ஒரு பெரிய படமாக நினைத்து அதன் நடுவுக்கு இந்தக் கணக்கு. சோஃபாவுக்கு மேலே என்றால் சோஃபாவின் முதுகிலிருந்து பதினைந்து இருபது சென்டிமீட்டர் விட்டால் போதும். நம் வீடுகளில் பெரும்பாலும் படங்கள் கதவு உயரத்துக்கு மேலேதான் தொங்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது, ஏற்கெனவே அங்கே ஆணி இருக்கிறது என்பதுதான் காரணமாக இருக்கும்.

பூசின செங்கல் சுவரில் லேசான சாமானுக்குக் கான்கிரீட் ஆணி போதும். கனமானதற்குத் துளை போட்டு பிளக் வைத்து ஸ்க்ரூ போடுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடவே வேண்டாம், உள்ளே ஒயர் ஓடும்.

தட்டு, கூடை, துணி, மரச் சட்டம் இவையும் சுவருக்கு வரலாம். எல்லாம் ஃப்ரேமாகவே இருந்தால் சுவர் தட்டையாகிவிடும், நடுவில் ஒரு கூடையோ ஒரு முகமூடியோ வந்தால்தான் நிழல் விழும்.

விளக்கு

வார்ம் ஒயிட் பல்பு போடுங்கள், 2700 கெல்வின் அல்லது 3000 என்று பெட்டியில் எழுதியிருக்கும். பித்தளை, மரம், மண் எல்லாம் குளிர்ந்த வெள்ளை வெளிச்சத்தில் செத்த நிறமாகத் தெரியும். சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் நிறங்கள் உள்ளபடி தெரியும். கூரையின் நடுவில் ஒரே விளக்கு என்பது பொருட்களுக்கு எதிரி, நிழலே இல்லாமல் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஷெல்ஃபுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன மேசை விளக்கு வைத்துவிட்டு அறை விளக்கை அணைத்துப் பாருங்கள், பூட்டின் தேய்ந்த எழுத்துகூட எழுந்து நிற்கும். ஃப்ரேமுக்கு ஸ்பாட் லைட் என்றால் செங்குத்திலிருந்து முப்பது டிகிரி சாய்வில் விழ வேண்டும், அப்போது கண்ணாடியில் பல்பு பிரதிபலிக்காது.

கெடாமல் வைத்துக்கொள்வது

பலரும் தாண்டிப் போகிற பகுதி இது, ஆனால் சேர்த்தவர்களுக்கு இதுதான் முக்கியம்.

காகிதம், ஃபோட்டோ, துணி மூன்றுக்கும் வெயில் ஆகாது. நேரடி வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் போகும், போன நிறம் திரும்ப வராது. பழைய கடிதமோ குடும்பப் படமோ என்றால் ஸ்கேன் செய்து பிரதியை மாட்டிவிட்டு அசலை உள்ளே வையுங்கள். ஃப்ரேம் போடும்போது அமிலம் இல்லாத அட்டை கேளுங்கள். சாதாரண அட்டை சில வருடங்களில் பழுத்து, அந்தப் பழுப்பு படத்துக்கும் ஏறும். படம் கண்ணாடியில் நேராக ஒட்டாமல் நடுவில் ஒரு அட்டைச் சட்டம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது உரிந்துவிடும்.

பித்தளையையும் வெண்கலத்தையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவதா வேண்டாமா என்பது தீராத சண்டை. பழையதாக இருந்தால் தேய்க்காதீர்கள் என்பது என் பக்கம். அந்தக் கருமை பல வருடம் கை பட்டுப் படிந்தது, ஒரு மணி நேரத்தில் போய்விடும், திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் வெளிர் பச்சையாகப் பொடி பொடியாக உதிர்ந்தால் விஷயம் வேறு, அது உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது, ஈரத்திலிருந்து தள்ளி வைத்துத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வெள்ளி கறுப்பது காற்றிலிருக்கும் கந்தகத்தால். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் அதை வேகப்படுத்தும், எனவே வெள்ளிச் சாமானை அவற்றில் சுற்றி வைக்காதீர்கள்.

கிளிஞ்சல் சேர்ப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: மூடிய மர அலமாரியிலும் அட்டைப்பெட்டியிலும் வருடக்கணக்காக வைத்தால், மரத்திலிருந்து வரும் அமில ஆவியும் ஈரமும் சேர்ந்து ஓட்டின்மேல் வெள்ளையாகப் பொடி பூக்கும், மெருகு அரித்துப்போகும். காற்றோட்டமான இடத்திலோ கண்ணாடி, பிளாஸ்டிக் டப்பாவிலோ வைப்பது நல்லது. அப்புறம், கடற்கரையில் பொறுக்கும்போது உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் விட்டுவிடுங்கள். யானைத் தந்தம், பல வகைப் பவளம், ராட்சதச் சிப்பி, ஆமை ஓடு இவையெல்லாம் 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டீஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. பயணத்தில் ஆசையாக வாங்கி வந்தால் விமான நிலையத்திலேயே பறிபோகலாம், வழக்கும் வரலாம்.

பழைய மரச் சாமான் வீட்டுக்குள் வரும் முன் வெளியிலேயே கறுப்புத் துணிமேல் ஒரு வாரம் நிறுத்துங்கள். அடியில் மெல்லிய மாவு மாதிரி கொட்டியிருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. சின்னப் பொருளென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை வரை செத்துப்போகும், அருங்காட்சியகங்களில் நடப்பதும் இதுதான். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், வியர்வை பைக்கு வெளியே பூக்கட்டும். பெயின்ட் அடித்த, ஒட்டு வேலை செய்த பொருட்களுக்கு இந்த வழி வேண்டாம். பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசி ஆபத்து.

மாற்றிக்கொண்டே இருப்பது

சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஒரு நேரத்தில் வெளியே வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. மிச்சம் பெட்டியில், பெட்டியின் மேல் உள்ளே இருப்பதன் ஃபோட்டோவை ஒட்டி வையுங்கள், எழுதி வைப்பதைவிட இது வேகம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை துடைக்க எடுக்கும்போது பாதியை உள்ளே போட்டுப் புதிதாகக் கொண்டுவாருங்கள். தினமும் பார்த்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு பிடித்த பொருளும் கண்ணுக்கு மறைந்துவிடும், ஆறு மாதம் கழித்து வெளியே வந்தால் புதிதாக வாங்கிய மாதிரி இருக்கும். இரண்டு மூன்று சுற்றிலும் எடுக்கத் தோன்றாமல் பெட்டியிலேயே கிடந்தது எதுவோ அதை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

கூட இருப்பவர்களுக்கு உங்கள் சேகரிப்பு பிடிக்கவில்லையா? எல்லை போட்டுக்கொள்ளுங்கள், இந்தச் சுவரும் இந்த ஷெல்ஃபும் என்னுடையது, சாப்பாட்டு மேசையும் டிவி ஸ்டாண்டும் பொது என்று. எல்லை இருந்தால் பொறுக்குவதும் கூர்மையாகும், புதிதாக ஒன்று உள்ளே வர வேண்டுமானால் எது வெளியே போகும் என்று யோசித்துத்தான் எடுப்பீர்கள்.

இனி வாங்கும்போது ஃபோனில் மூன்று விஷயம் இருக்கட்டும்: உங்கள் ஷெல்ஃபின் நீளம், ஆழம், உயரம், சுவரின் படம், எந்தக் கூட்டத்துக்கு என்ன குறைகிறது என்று ஒரு வரி, உதாரணமாக “பித்தளைக் கூட்டத்துக்கு உயரமாகக் கறுப்பாக ஒன்று”. பையில் அளவெடுக்க ஒரு டேப், ஒரு சின்ன காந்தம். காந்தம் ஒட்டினால் அது முழுப் பித்தளை இல்லை, இரும்புக்கு முலாம் பூசியது, அதுவும் அழகாக இருந்தால் வாங்கலாம், விலை மட்டும் அதற்குத் தகுந்த மாதிரி கேளுங்கள்.